பனிச்சறுக்குக்குக் கேமரா வாங்கும் முன்

ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் நெருங்கும்போது நம் கிளைகளுக்கு வரும் வாடிக்கையாளர்களின் பேச்சில் புதியதொரு பொருள் இடம்பெறத் தொடங்கியிருக்கிறது. முன்பு குளிர்கால விடுமுறை என்றால் பயணச்சீட்டும் தங்கும் விடுதியுமே பேச்சாக இருந்தன. இன்று குல்மார்க், ஔலி, சோலாங் ஆகிய பெயர்கள் இயல்பாக வருகின்றன. 2020 முதல் குல்மார்க்கில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடைபெறுகின்றன. 2018இல் ஆஞ்சல் தாக்கூர் துருக்கியில் வெண்கலம் வென்றார்; 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் காஷ்மீரத்தின் ஆரிஃப் கான் பங்கேற்றார். இவற்றுக்குப் பிறகு பனிச்சறுக்கு என்பது வெளிநாட்டுத் திரைப்படங்களில் மட்டும் காணும் காட்சியாக இல்லை. நடுத்தரக் குடும்பங்களும் பிள்ளைகளை ஒரு வாரப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கின்றன.

பயணம் முடிவானதும் எழும் அடுத்த கேள்வி, எந்தக் கேமராவை வாங்குவது என்பது. அதைத் தொடர்ந்து வங்கியாளர்களாகிய நம்மிடம் வரும் கேள்வி, அதை மாதத் தவணையில் வாங்கலாமா என்பது. இரண்டாம் கேள்விக்கு விடையளிப்பது நம் தொழில். ஆனால், முதல் கேள்விக்குச் சரியான விடை கிடைக்காமல் இரண்டாம் கேள்விக்கு விடை சொல்வது பொறுப்பாகாது என்பது நம் கருத்து. தவறான கருவிக்குக் கொடுக்கும் நல்ல கடனும் தவறான கடனே.

இக்கட்டுரை எந்த நிறுவனத்தின் பொருளையும் வாங்கச் சொல்லவில்லை. சில கருவிகளின் பெயர்களும் அளவுகளும் எடுத்துக்காட்டுக்காகவே தரப்பட்டுள்ளன.

இரு கேமராக்களின் கதை

சில ஆண்டுகளுக்கு முன், விடுப்புப் பயணச் சலுகையில் நாங்கள் இரு குடும்பங்களாகப் பிப்ரவரி மாதத்தில் குல்மார்க் சென்றோம். ஒரு குடும்பத்திடம் அந்த ஆண்டு சந்தைக்கு வந்த, விலை மிகுந்த ஆக்‌ஷன் கேமரா இருந்தது. ஆறு மாதத் தவணையில் வாங்கியது. மற்றொரு குடும்பத்திடம் உறவினர் ஒருவரிடம் இரவல் பெற்ற, பல ஆண்டுகள் பழகிய உறுதிவகைக் கையடக்கக் கேமரா இருந்தது. புதிய கேமராவைப் பார்த்துவிட்டுப் பழையதை விடுதியிலேயே விட்டுச் செல்லலாமா என்றுகூட யோசித்தோம்.

பயிற்சியின் நான்காம் நாள். அதுவரை பத்தடிக்கு ஒருமுறை விழுந்துகொண்டிருந்த பன்னிரண்டு வயதுப் பெண்குழந்தை, அன்று முதன்முறையாகச் சரிவின் உச்சியிலிருந்து அடிவாரம்வரை விழாமல் இறங்கி வந்தாள். பெற்றோர் மூன்று நாள் காத்திருந்த கணம் அது. புதிய கேமராவின் பேட்டரி அளவு காலையில் விடுதியைவிட்டுக் கிளம்பும்போது நிறைவாக இருந்தது. அந்தக் கணத்தில் அது அணைந்து கிடந்தது. விடுதி அறைக்குத் திரும்பிச் சூடு ஏறியதும் அதே பேட்டரி பாதிக்கும் மேல் மின்சாரம் இருப்பதாகக் காட்டியது. குழந்தை இறங்கி வந்த காட்சி நமக்குக் கிடைத்தது, அடிவாரத்தில் நின்றவரின் உள்சட்டைப் பையிலிருந்து எடுக்கப்பட்ட அந்த இரவல் கேமராவில்தான்.

புதிய கேமரா பழுதானதன்று. அதன் கையேட்டில் சொல்லப்பட்டபடியே அது நடந்துகொண்டது. கையேட்டை வாங்கும் முன் படிக்காததே எங்கள் பிழை. ஏப்ரல், மே, ஜூன் என்று தவணை மட்டும் தவறாமல் கணக்கிலிருந்து கழிந்துகொண்டிருந்தது. அந்தப் பிழையிலிருந்து கற்றதையே வாசகர்கள் முன் வைக்கிறோம்.

யாரைப் படம் பிடிக்கப் போகிறோம்?

கடைக்குப் போகும் முன் குடும்பத்தினர் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நாம் பார்ப்பதைப் பதிவுசெய்ய வேண்டுமா, நாம் சறுக்குவதைப் பிறர் பதிவுசெய்ய வேண்டுமா? இரண்டுக்கும் வெவ்வேறு கருவிகள் உண்டு.

ஆக்‌ஷன் கேமரா என்னும் வகையைப் பரவலாக்கிய கோப்ரோ நிறுவனத்தை 2002இல் தொடங்கிய நிக் வுட்மேன் கடலலைச் சறுக்கில் ஈடுபாடு கொண்டவர். விளையாடுபவர் தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஃபிலிம் கேமராவாகவே அந்நிறுவனத்தின் முதல் கருவி 2004இல் வெளிவந்தது. இவ்வகையின் நோக்கம் இன்றும் அதுவே: விளையாடுபவரின் உடலிலேயே இருந்து, அவர் காண்பதை அகன்ற கோணத்தில் பதிவுசெய்வது. அகன்ற கோணத்தில் சற்றுத் தொலைவில் உள்ளவை யாவும் சிறுத்துவிடும். பத்து மீட்டர் தள்ளிச் சறுக்கி வரும் பிள்ளை, வெண்பரப்பில் ஒரு புள்ளியாகத் தெரிவாள். செங்குத்தான சரிவுகூடப் படத்தில் சமதளம்போலத் தோன்றும். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒளியியல் ஜூம் வசதி கிடையாது. படத்தை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் மட்டுமே உண்டு.

உறுதிவகைக் கையடக்கக் கேமராக்கள் வேறு இனம். ஒலிம்பஸ் தொடங்கி, இப்போது ஓஎம் சிஸ்டம் பெயரில் வரும் டஃப் வரிசை இதற்கு எடுத்துக்காட்டு. 2023இல் வெளிவந்த டிஜி-7 கேமராவில் நான்கு மடங்கு ஒளியியல் ஜூம் உள்ளது. 15 மீட்டர் ஆழம்வரை நீர் புகாது, 2.1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும், -10 டிகிரி செல்சியஸ்வரை இயங்கும் என்று தயாரிப்பாளர் குறிப்பிடுகிறார். அடிவாரத்தில் நின்று பிள்ளைகளைப் படம்பிடிக்கும் பெற்றோருக்கு ஏற்றது இவ்வகையே. ஓடும்போது ஏற்படும் அதிர்வைச் சமன்செய்வதில் இது ஆக்‌ஷன் கேமராவுக்கு ஈடாகாது. தலைக்கவசத்திலோ மார்பிலோ பொருத்தவும் வசதிப்படாது.

நம் கருத்தில், முதன்முறை பனிச்சறுக்குக்குச் செல்லும் பத்துக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தேவைப்படுவது இரண்டாம் வகை. ஆனால், விளம்பரங்களின் தாக்கத்தால் வாங்குவது முதல் வகையாக இருக்கிறது. தொடக்கநிலைப் பயிற்சியாளரின் மார்பில் பொருத்திய கேமரா பதிவுசெய்வது பெரும்பாலும் அவருடைய சறுக்குக்கட்டைகளின் நுனிகளையும், விழுந்த பின் தெரியும் வானத்தையுமே.

குளிருக்கு ஈடுகொடுக்குமா?

குல்மார்க் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. கம்பிவட ஊர்தியின் முதற்கட்டம் நம்மைக் கொங்டூரிக்கும், இரண்டாம் கட்டம் ஏறத்தாழ 3,950 மீட்டர் உயரத்தில் உள்ள அஃபர்வாட் பகுதிக்கும் கொண்டுசேர்க்கின்றன. பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஆறிலிருந்து ஏழு டிகிரிவரை குறையும். கீழே பூஜ்யம் டிகிரி என்றால், உச்சியில் -8 டிகிரிக்கு அருகில் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கீழேயே -5 டிகிரி என்றால், பல கேமராக்களின் எல்லையாகிய -10 டிகிரியை நாம் உச்சியில் கடந்துவிடுகிறோம். காற்று வீசினால் கருவி சுற்றுப்புற வெப்பநிலையைவிடக் கீழே போகாது. ஆனால், அந்த நிலையை மிக விரைவாக எட்டிவிடும்.

குளிரில் லித்தியம் அயனி பேட்டரிக்கு நேர்வதை அறிந்துகொள்வது பயன்தரும். பேட்டரியின் உள்ளிருக்கும் மின்பகுபொருளில் அயனிகளின் நகர்வு மெதுவாகிறது, உள்மின்தடை கூடுகிறது. வீடியோ பதிவு போன்ற கனமான பணிக்குக் கேமரா மின்சாரம் கேட்கும்போது மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. பேட்டரி தீர்ந்துவிட்டதாகக் கருதிக் கேமரா தன்னை அணைத்துக்கொள்கிறது. மின்சாரம் உள்ளே இருக்கிறது, எடுக்கத்தான் முடிவதில்லை. வைப்பில் பணம் இருந்தும் அவசரத்துக்கு எடுக்க இயலாத நிலையை ஒத்தது இது. சூடேறினால் பேட்டரி மீண்டும் இயங்கும். ஆனால், உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை அப்படியே சார்ஜ் செய்யக் கூடாது. அது பேட்டரிக்கு நிலையான சேதத்தை விளைவிக்கும்.

ஆகவே, கடைக்காரரிடம் மெகாபிக்சலைக் கேட்கும் முன் இயங்கு வெப்பநிலை எவ்வளவு என்று கேளுங்கள். பல உறுதிவகைக் கேமராக்களுக்கு -10 டிகிரியே எல்லை. கோப்ரோ தன் கேமராக்களுக்குக் குளிரைத் தாங்கும் எண்டியூரோ பேட்டரியை அறிமுகப்படுத்தியுள்ளது. டிஜேஐ நிறுவனத்தின் ஆஸ்மோ ஆக்‌ஷன் 4 கேமராவுக்கு -20 டிகிரிவரை என்று குறிப்பிடப்பட்டுள்ளது. இதை அடுத்துக் கேட்க வேண்டியது, பேட்டரியை நாமே கழற்றி மாற்ற முடியுமா என்பது. மாற்ற முடியாத பேட்டரி கொண்ட கேமரா, பனிமலையில் அரைநாள் கேமராவே. மாற்ற முடியும் என்றால் மூன்று பேட்டரிகள் வேண்டும்: ஒன்று கேமராவில், இரண்டு உடலோடு ஒட்டிய உள்சட்டைப் பையில். வாங்கும் விலையைக் கணக்கிடும்போது கூடுதல் பேட்டரிகளின் விலையையும் சேர்த்தே கணக்கிடுங்கள்.

விமானத்தில் செல்வோர் உதிரி பேட்டரிகளையும் பவர் பேங்கையும் கைப்பையில் மட்டுமே கொண்டுசெல்ல வேண்டும். சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது.

நீர் புகாது என்ற சொல்லின் எல்லை

ஐபி68 என்ற குறியீட்டைப் பலரும் அனைத்துக்குமான காப்புறுதியாகக் கருதுகிறார்கள். அதில் முதல் எண் தூசியையும், இரண்டாம் எண் நீரையும் குறிக்கிறது. குளிரைப் பற்றியோ, கீழே விழுவதைப் பற்றியோ அக்குறியீடு எதுவும் சொல்வதில்லை. விழுவதைத் தாங்கும் உயரமும், தாங்கும் வெப்பநிலையும் தனித்தனியே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். குறிப்பிடப்படவில்லை என்றால், அந்த உறுதிமொழி இல்லை என்றே கொள்ள வேண்டும். கடன் ஒப்பந்தத்தைப் படிப்பதற்கும் இதே விதிதான்: எழுத்தில் இல்லாதது இல்லை.

பேட்டரி, மெமரி கார்டு ஆகியவற்றின் மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமே நீரைத் தடுப்பது. அதில் ஒரு தலைமயிரோ பனித்துகளோ ஒட்டியிருந்தாலும் காப்பு போய்விடும். கொட்டும் பனியில் நின்றுகொண்டு மூடியைத் திறந்து பேட்டரி மாற்றுவது, மழையில் பெட்டகத்தைத் திறந்து வைப்பதற்குச் சமம். கூரையுள்ள இடத்துக்கு வந்தே மாற்ற வேண்டும். ரப்பர் நாளடைவில் இறுகும் என்பதால், ஆண்டுக்கு ஒருமுறை வளையத்தை மாற்றுமாறு சில தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். அந்தப் பணியைச் செய்துதரும் சேவை மையம் நம் நகரில் உண்டா என்பதையும் வாங்கும் முன்பே கேட்டறிய வேண்டும்.

மற்றொரு நீர்ச்சேதம் வெளியிலிருந்து வருவதன்று. குளிர்ந்த கேமராவை வெப்பமூட்டிய விடுதி அறைக்குள் கொண்டுவந்ததும், அறைக்காற்றின் ஈரம் அதன்மீது நீர்த்துளிகளாகப் படிகிறது. வெளியில் இருக்கும்போதே காற்றுப்புகாத பிளாஸ்டிக் உறையில் கேமராவை இட்டு மூடி, அறைக்கு வந்தபின் ஓரிரு மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தால் ஈரம் உறையின் வெளிப்புறத்திலேயே படியும். படங்களை உடனே பார்க்க விரும்புவோர், மெமரி கார்டைக் கூரையுள்ள குளிர்ந்த இடத்திலேயே எடுத்துவிட்டுப் பின் உறையிடலாம். இதற்குச் செலவு சில ரூபாய். காப்பாற்றுவதோ பல ஆயிரம் ரூபாய்.

பெரிய எண்களும் தேவையான எண்களும்

4கே, 5கே என்ற எண்கள் விலையை உயர்த்துகின்றன. வீட்டுத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் பார்க்கும் குடும்பப் படங்களுக்கு அவை இன்றியமையாதவை அல்ல. பனிச்சறுக்கின் வேகத்துக்கு அதைவிட முக்கியமானது, நொடிக்கு எத்தனை படங்கள் பதிவாகின்றன என்பது. நொடிக்கு 60 படங்கள் இருந்தால் அசைவு தெளிவாக இருக்கும். பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பிள்ளையின் முழங்கால் மடிப்பைப் பயிற்சியாளர் சுட்டிக்காட்டவும் முடியும். முழு எச்.டி. தரத்தில் நொடிக்கு 60 படங்கள் என்பதே பெரும்பாலோருக்குப் போதுமானது.

4கே தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்தால், ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 45 ஜிபி தேவைப்படும். 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். கார்டின்மேல் வி30 என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் வேகத்தில் அது தொடர்ந்து எழுதும் என்பது அதன் பொருள். நம்பகமற்ற இடத்தில் மலிவாக வாங்கும் கார்டில் ஒரு பயணத்தின் நினைவு முழுவதையும் ஒப்படைப்பது சிக்கனமாகாது.

பனியின் நிறம் குறித்தும் ஒரு சொல். கேமராவின் ஒளிமானி, தன்முன் உள்ளதைச் சராசரிச் சாம்பல் நிறமாகக் கருதிக்கொள்ளும். வெண்பனி நிறைந்த காட்சியில் அது ஒளியைக் குறைத்துவிட, பனி சாம்பலாகவும் முகம் கருமையாகவும் பதிவாகும். ஒளி ஈடுசெய்யும் அமைப்பில் +1 அளவு உயர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். இந்த அமைப்பு நீங்கள் வாங்கவிருக்கும் கேமராவில் வீடியோவுக்கும் உண்டா என்று கடையிலேயே சோதியுங்கள். சோதிக்கும்போது தடித்த கையுறை ஒன்றை அணிந்துகொள்ளுங்கள். கையுறையோடு இயக்க முடியாத கேமராவைப் பனிமலையில் இயக்க முடியாது. தொடுதிரை அங்கே கைகொடுக்காது. பதிவு தொடங்கும் பொத்தான் பெரிதாகவும், அழுத்தும்போது உணரக்கூடியதாகவும் இருக்க வேண்டும்.

கைபேசி போதாதா?

இன்றைய உயர்விலைக் கைபேசிகள் நல்ல வீடியோ எடுக்கின்றன, நீரையும் தாங்குகின்றன. பிறகு கேமரா எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. ஆனால், ஐஃபோன்களுக்கு ஆப்பிள் நிறுவனமே குறிப்பிடும் இயங்கு வெப்பநிலை 0 முதல் 35 டிகிரிவரை மட்டுமே. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றை வங்கியாளர்கள் என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கைபேசி இன்று நம் பணப்பை. யுபிஐ, வங்கிச் செயலி, ஒருமுறைக் கடவுச்சொல், பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு, அடையாள ஆவணம் யாவும் அதில் உள்ளன. அதைக் கையுறை அணிந்த கையில் பிடித்துக்கொண்டு சறுக்குத்தளத்தில் நிற்பது, பணப்பையைத் திறந்து காற்றில் பிடிப்பதற்கு ஒப்பானது. தளர்ந்த பனியில் விழுந்த கைபேசி சில நொடிகளில் புதைந்துவிடும். குளிரில் அணைந்துபோனாலும், உதவிக்கு ஒருவரை அழைக்க வழியில்லாமல் போகும். பனிமலையில் கைபேசியின் முதற்பணி அவசர அழைப்பு. அதற்காக அதைச் சூடாகவும் சார்ஜ் நிறைந்ததாகவும் உள்பையில் வைத்திருக்க வேண்டும். படம்பிடிப்பதை வேறு கருவியிடம் விடுவதே விவேகம்.

தவணையா, ரொக்கமா, வாடகையா?

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கேமராவின் விலை ரூ.40,000, கூடுதல் பேட்டரிகள், கார்டு, பொருத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கு ரூ.10,000 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு பயணம், ஒரு பயணத்துக்கு ஐந்து நாள், நான்கு ஆண்டுகள் என்றால் மொத்தம் 20 நாள். ஒரு நாளைக்கு ரூ.2,500 ஆகிறது. நான்கு ஆண்டும் பனிமலைக்குச் செல்வோம் என்ற எதிர்பார்ப்பில்தான் இந்தத் தொகையும். ஒரே ஒரு முறை சென்றால் ஒரு நாளைக்கு ரூ.10,000. பெருநகரங்களில் கேமரா வாடகைக்குக் கிடைக்கிறது. உங்கள் ஊரில் கேட்கும் நாள் வாடகையை இந்தத் தொகையோடு ஒப்பிடுங்கள். முதற்பயணத்துக்கு வாடகைக் கேமராவே பெரும்பாலும் சிறந்த முடிவு என்பது நம் உறுதியான கருத்து. பிடித்திருந்தால் அடுத்த ஆண்டு அனுபவத்தோடு வாங்கலாம். கடலோரம், மலையேற்றம், மழைக்காலப் பயணம் என்று ஆண்டு முழுவதும் பயன்படுத்துவோருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

"செலவில்லாத் தவணை" என்ற சொல்லையும் விளக்க வேண்டும். பூஜ்ய வட்டி என்ற கருத்தே இல்லை என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்திவிட்டது. இன்று நடைமுறையில் உள்ள ஏற்பாட்டில், வட்டிக்கு ஈடான தொகையை விற்பனையாளர் தள்ளுபடியாகத் தருகிறார். வங்கி வட்டியை வழக்கம்போல் வசூலிக்கிறது. எடுத்துக்காட்டாக, ரூ.40,000 கேமராவை ஆண்டுக்கு 15 சதவீத வட்டியில் ஆறு மாதச் செலவில்லாத் தவணையில் வாங்கினால், அதற்குள் இருக்கும் வட்டி ஏறத்தாழ ரூ.1,690. அந்த வட்டியின்மீது 18 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி ஏறத்தாழ ரூ.304. செயலாக்கக் கட்டணம் ரூ.199 என்றால், வரியோடு சேர்த்து ரூ.235. ஆக, செலவில்லாத் தவணைக்குச் செலவு ஐந்நூறு ரூபாய்க்கும் மேல். ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடியை இழந்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தொகை சிறிதுதான். ஆனால், ஒரு தவணை தவறினால் கடன் அட்டையின் வட்டியும் தாமதக் கட்டணமும் இந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிடும். கடன் மதிப்பெண்ணும் குறையும். கடன் வழங்குவது நம் வணிகம் என்றபோதிலும் நாம் சொல்வது இதுதான்: ஐந்து நாள் மகிழ்ச்சிக்கான பொருளை ஆறு மாதக் கடனாக்க வேண்டாம். அடுத்த குளிர்காலத்துக்கு வேண்டும் என்றால், இந்த மார்ச் மாதத்திலேயே ஒரு தொடர்வைப்புக் கணக்கைத் தொடங்குங்கள். மாதம் ரூ.4,000 போட்டால் பத்து மாதத்தில் கேமராவின் விலை கையில் இருக்கும். அப்போது பேரம் பேசும் வலிமை உங்களிடம் இருக்கும்.

பில்லும் காப்பீடும்

வரி எண்ணுள்ள பில் இல்லாமல் கேமரா வாங்காதீர்கள். பில் இல்லாத இறக்குமதிப் பொருள் சில ஆயிரம் ரூபாய் மலிவாகக் கிடைக்கலாம். இந்தியாவில் செல்லுபடியாகும் உத்தரவாதம் அதற்கு இருக்காது. உத்தரவாத அட்டையில் நீர் புகுந்த சேதம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். நீர் புகாத கேமரா என்று விற்கப்பட்டாலும், மூடி சரியாக மூடப்படாததால் நேர்ந்த சேதத்தைப் பயனரின் கவனக்குறைவு என்று விலக்கிவைப்பது வழக்கம்.

பயணக் காப்பீட்டிலும் இரு இடங்களைக் கவனிக்க வேண்டும். பல பாலிசிகள் சாகச விளையாட்டுகளை விலக்குகின்றன, அல்லது கூடுதல் கட்டணத்தின்பேரில் மட்டுமே சேர்க்கின்றன. உடைமைகள் இழப்புக்கான பிரிவில் மின்னணுப் பொருட்களுக்குத் தனி வரம்பு இருக்கும். சிலவற்றில் அவை இடம்பெறுவதே இல்லை. கேமராவுக்குக் காப்பீடு உண்டா என்று விசாரிப்பவர்கள், தம் கால் முறிந்தால் காப்பீடு உண்டா என்று விசாரிக்க மறந்துவிடுகிறார்கள். வரிசை மாறியிருக்க வேண்டும். முதலில் பனிச்சறுக்கு விபத்துக்கும், மலையிலிருந்து மீட்டுக் கொண்டுவரும் செலவுக்கும் பாலிசி பொருந்துகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். கேமராவைப் பற்றி அதன்பின் கேட்கலாம்.

கேமராவைவிடப் பெரிய பொறுப்பு

இறுதியாக, விலையோடு தொடர்பில்லாத ஒன்று. எங்கள் பயணத்தின் மூன்றாம் நாள், எங்களில் ஒருவர் அணைந்துபோன கேமராவைச் சரிசெய்வதற்காகச் சரிவின் நடுவில் நின்று கையுறையைக் கழற்றினார். மேட்டுக்குப் பின்னாலிருந்து இறங்கிய இளைஞர் ஒருவர் அவரைக் கடைசி நொடியில் கண்டு விலகித் தாமே உருண்டு விழுந்தார். நல்லவேளையாக இருவருக்கும் காயமில்லை. பயிற்சியாளர் எவரையும் கடிந்துகொள்ளவில்லை. கேமராவை வாங்கித் தம் பையில் வைத்துக்கொண்டு, அன்றைய பயிற்சி முடிந்தபின் திருப்பித் தந்தார்.

பன்னாட்டுப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் நடத்தை விதிகள், குறுகலான இடத்திலும் பார்வைக்கு எட்டாத இடத்திலும் நிற்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. படம்பிடிக்க நிற்பவர்கள் சரிவின் ஓரத்துக்கு, மேலிருந்து வருபவர் கண்ணில் படும் இடத்துக்கு ஒதுங்க வேண்டும். பயிற்சி பெறும் நாட்களில் கற்பவர் உடலில் கேமரா வேண்டாம் என்பதும் நம் கருத்து. அவர் கவனம் முழுவதும் கால்களுக்கு உரியது. நல்ல காட்சி கிடைக்கும் என்று எல்லை குறிக்கப்பட்ட பகுதியைத் தாண்டிச் செல்வது உயிரோடு விளையாடுவதாகும். அஃபர்வாட் சரிவுகளில் 2023 பிப்ரவரியில் நேர்ந்த பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் நேர்ந்த பனிச்சரிவில் ரஷ்ய நாட்டவர் ஒருவரும் உயிரிழந்தனர். அனுபவம் மிக்கவர்களுக்கும் மலை சலுகை தருவதில்லை.

கடன் விண்ணப்பம் ஒன்றை ஆராயும்போது, விண்ணப்பதாரரின் மிகச் சிறந்த மாதத்தைப் பார்த்து நாம் முடிவெடுப்பதில்லை. மிகக் கடினமான மாதத்தில் அவரால் தவணை கட்ட முடியுமா என்றே பார்க்கிறோம். பனிமலைக்குக் கேமரா வாங்குவோரும் அவ்வாறே பார்க்க வேண்டும். கடையின் குளிர்சாதன அறையில் அது எவ்வளவு அழகாகப் படமெடுக்கிறது என்பது கேள்வியன்று. -8 டிகிரியில், கையுறை அணிந்த கையில், காலையிலிருந்து வெளியில் கிடந்த பேட்டரியோடு அது ஒரு நிமிடம் இயங்குமா என்பதே கேள்வி.

அந்த இரவல் கேமராவில் பதிவான காட்சி 40 நொடிகள் நீளம்கூட இல்லை. முடிவில் படம் சற்று ஆடுகிறது. எடுத்தவர் கைதட்ட முயன்றதன் விளைவு அது. இரு குடும்பங்களும் இன்றும் சேரும்போதெல்லாம் அதைப் போட்டுப் பார்க்கிறோம். அது எத்தனை மெகாபிக்சல் என்று இதுவரை எவரும் கேட்டதில்லை.